களிம்பு

மாலை ஆறரை மணி. இன்னும் விளக்குப் போடவில்லை. சிக்னலில் பிரேக்கை மிதித்ததும் டேஷ்போர்டில் லேசாக வெளிச்சம் வந்தது. காலை எடுத்தேன், போய்விட்டது. மறுபடி மிதித்தேன், மறுபடி வந்தது. பிரேக்குக்கும் ஸ்பீடாமீட்டர் விளக்குக்கும் என்ன சம்பந்தம்? திருவான்மியூரில் கடற்கரையிலிருந்து நாலாவது தெருவில், இருபது வருஷத்துக்கு மேல் திறந்தவெளியில் நின்ற கார் அது. என்னிடம் வரும் முன்பே இரண்டு கை மாறியிருந்தது.

மறுநாள் எலக்ட்ரீஷியன் பாயிடம் கொண்டுபோய், "எங்கேயோ ஷார்ட் ஆகுது போல பாய்" என்றேன். ஒயரிங் தெரியாதவர்கள் எல்லாக் கோளாறுக்கும் சொல்லும் வார்த்தை அது. பாய் பானெட்டைத் திறக்கவே இல்லை. நேராகப் பின்பக்கம் போய் நின்றார்.

"பிரேக்க மிதிங்க சார்... விடுங்க... மிதிங்க. ஷார்ட்டெல்லாம் ஒண்ணும் இல்ல. எர்த்து இல்ல."

இரண்டு முனையிலும் கிளிப் மாட்டிய ஒரு ஒயரை எடுத்தார். ஒரு கிளிப்பை டிக்கிப் பூட்டின் போல்ட்டில் கடிக்கவிட்டார். இன்னொன்றை வலது பக்க விளக்கின் கறுப்பு ஒயரில் வைத்தார். "இப்ப மிதிங்க." பிரேக் விளக்கு பளீரென்று சிவந்தது. டேஷ்போர்டு இருண்டது.

பழைய கார்களின் பின்விளக்கில் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கும். இரவு விளக்குக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். இரண்டுக்கும் மின்சாரம் தனித்தனி ஒயரில் வரும். திரும்பிப் போகும் வழி மட்டும் பொது. அந்த வழி காரின் இரும்பு உடம்புதான். ஒவ்வொரு விளக்கிலிருந்தும் பேட்டரிவரை இன்னொரு ஒயர் இழுக்காமல், ஒரு சின்ன வளையத்தை வைத்து பாடியில் முடுக்கிவிடுவார்கள். மெக்கானிக்குகள் வாயில் அதுதான் எர்த்து. அது அறுந்தால் மின்சாரம் சும்மா நிற்காது. பிரேக் இழை வழியாக வந்தது, கீழே போக வழியில்லாமல், பக்கத்திலிருக்கும் 5 வாட் இழைக்குள் தலைகீழாக ஏறும். அங்கிருந்து இரவு விளக்குகளின் ஒயரைப் பிடித்து, நம்பர் பிளேட் விளக்கு, டேஷ்போர்டு விளக்கு என்று கண்ட வழியிலெல்லாம் இறங்கி பாடியை அடையும். இத்தனை நாளாக என் பின்னால் வந்தவர்கள் வலது பக்கத்தில் பிரேக் விளக்கு என்று நினைத்துப் பார்த்தது, திக்குத் தெரியாமல் திரும்பிய மின்சாரத்தில் எரிந்த 5 வாட் இழையைத்தான்.

பாய் அந்த வளையத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒயர் நுழையும் இடத்தில் பச்சையாக, பாசி பிடித்த கிணற்றுச் சுவர் மாதிரி பூத்திருந்தது. நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தது. "பச்சை பூத்திருக்கு பாருங்க" என்றார்.

தமிழில் இதற்கு அருமையான ஒரு சொல் இருக்கிறது: களிம்பு. இன்று மருந்துக்கடை ஆயின்மென்டுக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டோம். செம்புக்குக் களிம்பு எப்படியோ அப்படித்தான் உயிருக்கு ஆணவ மலம், அது இடையில் வந்து ஒட்டியதல்ல, கூடவே பிறந்தது என்று சைவ சித்தாந்திகள் உவமை சொன்னார்கள். தத்துவத்தை விட்டுவிடுவோம். வேதியியல் கணக்கில் உவமை சரியில்லை: களிம்பு செம்போடு பிறப்பதில்லை, காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வருகிறது. ஆனால் ஒருமுறை ஏறினால் லேசில் விடாது என்ற அளவில் அவர்கள் பக்கம்தான் நியாயம். ஏன் என்று பின்னால் பார்ப்போம்.

முதலில் ஒரு கேள்வி. அந்த வளையம் பாடியைத் தொட்டுக்கொண்டுதானே இருந்தது? போல்ட்டும் இறுக்கமாகவே இருந்தது. பிறகு ஏன் மின்சாரம் போகவில்லை?

தொட்டுக்கொண்டிருந்தது என்பதே கண்ணின் ஏமாற்றம். இரண்டு பலாப்பழங்களை ஒன்றோடொன்று சாய்த்து வையுங்கள். பழங்கள் தொடுகின்றன என்போம். தொடுவது சில முள் நுனிகள் மட்டுமே. எவ்வளவு மெருகேற்றிய உலோகமும் நுண்ணோக்கியில் பலாப்பழம்தான். கேம்பிரிட்ஜில் உராய்வை ஆராய்ந்த பௌடனும் டேபரும் 1939இல் இதை அளந்து காட்டினார்கள். மின் இணைப்புகளுக்கு இதே விஷயத்தை ஆயுள் முழுவதும் துருவியவர் ராக்னர் ஹோல்ம். 1879இல் சுவீடனில் பிறந்து, பெர்லினில் சீமென்ஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து, பிறகு அமெரிக்காவுக்குப் போனவர். மனைவி எல்ஸே ஹோல்மும் அந்த ஆராய்ச்சியில் கூட்டாளி. மின் இணைப்புகளின் இயற்பியல் பற்றி 1941இல் ஜெர்மன் மொழியில் வந்த அவருடைய நூல்தான் இந்தத் துறைக்கு அடித்தளம்.

கணக்கு எளிது. அழுத்தும் விசையை உலோகத்தின் கடினத்தால் வகுத்தால் உண்மையில் தொடும் பரப்பு கிடைக்கும். ஒயரிங்கில் எங்கும் காணும் 6.3 மில்லிமீட்டர் அகலத் தட்டை டெர்மினலை எடுத்துக்கொள்வோம். ஆணும் பெண்ணும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பரப்பு ஏறத்தாழ 40 சதுர மில்லிமீட்டர். 300 கிராம் எடைக்குச் சமமான விசையில் அழுந்துவதாக வைத்தால், பித்தளையில் உண்மையில் தொடும் இடம் 0.003 சதுர மில்லிமீட்டர். பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. போல்ட் போட்டு இறுக்கிய வளையத்தில் விசை பல மடங்கு அதிகம், அங்கே இன்னும் தாராளம். ஆனால் அங்கும் தொடுவது புள்ளிகள்தான். மின்சாரம் முழுவதும் அந்த நுனிகள் வழியாகத்தான் நெருக்கியடித்துப் போகவேண்டும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 20 மைக்ரோமீட்டர் அகலமுள்ள, அதாவது தலைமுடியை விட மெல்லிய, ஒரே ஒரு சுத்தமான செம்புப் புள்ளி இருந்தால் போதும், மின்தடை ஒரு மில்லிஓமைத் தாண்டாது. ஆகவே இணைப்பு கெடுவதற்கு உலோகம் கரைந்து தீரவேண்டியதில்லை. அந்தச் சில புள்ளிகளுக்கிடையே களிம்பு நுழைந்தால் முடிந்தது. என் வளையத்தில் தொண்ணூற்றொன்பது சதவீத உலோகம் அப்படியே இருந்தது. இல்லாமல் போனது தொடுதல் மட்டும்.

களிம்பு எல்லாமே ஒரு சாதி இல்லை. கருஞ்சிவப்பாகப் படிவது செம்பு ஆக்ஸைடு. அது முழுக் காப்பானும் இல்லை, கடத்தியும் இல்லை, குறைகடத்தி. சிலிக்கான் வருவதற்கு முன், 1920களில், அதை வைத்தே மாறுமின்சாரத்தை நேராக்கும் ரெக்டிஃபையர்கள் செய்தார்கள். பேட்டரி முனையில் நீலமும் வெள்ளையுமாகப் பூப்பது அமில ஆவியால் வந்த செம்பு, ஈயச் சல்ஃபேட்டுகள். கடலோரக் கார்களின் பச்சையில் இருப்பது பெரும்பாலும் செம்பு குளோரைடின் உறவு. பொல்லாதது அதுதான்.

மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி நீர்த்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையும். ஆனால் கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். சென்னையில் அதைவிட வறண்ட நாள் அபூர்வம். ஆக, கடற்காற்றில் வந்து படிந்த உப்பு, மழையே பெய்யாவிட்டாலும், கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலமாகவே இருக்கும். அந்த ஈரத்தில் ஒரு செம்பு வளையம், ஒரு துத்தநாகப் பூச்சுப் போல்ட், ஒரு இரும்புத் தகடு. வோல்டா 1800இல் உப்புநீரில் நனைத்த அட்டைக்கு இருபுறமும் வேறுவேறு உலோகத் தட்டுகளை அடுக்கிச் செய்த மின்கலமும் இதே சமையல்தான். காரின் ஒவ்வொரு எர்த்துப் புள்ளியும் யாரும் கேட்காத ஒரு குட்டிப் பேட்டரி. அதில் தேய்வது முதலில் துத்தநாகம், பிறகு இரும்பு.

பிரிட்டிஷ் கடற்படை இந்தப் பாடத்தை விலை கொடுத்துக் கற்றது. மரக்கப்பலின் அடிப்பாகத்தைப் புழு அரிக்காமலிருக்க 1761இல் 'அலாரம்' என்ற போர்க்கப்பலுக்குச் செம்புத் தகடு போர்த்தினார்கள். மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்வந்த கப்பலை 1763இல் பார்த்தால், தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் அரித்துப்போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் தப்பியிருந்தன. அவற்றுக்கும் செம்புக்கும் நடுவே, தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் கிழிக்கப்படாமல் சிக்கியிருந்தது. தொட்டால் அரிக்கும், தொடாவிட்டால் பிழைக்கும். கப்பலுக்குக் காகிதம் போதும். மின் இணைப்பிலோ தொடாமல் காரியம் ஆகாது.

பேட்டரி இன்னொரு பக்கம் வேலை செய்கிறது. ஈரத்தில் நனைந்த ஒயரில் எப்போதும் 12 வோல்ட் நேர்மின்சாரம் நின்றுகொண்டிருந்தால், அந்தச் செம்பு மின்பூச்சுத் தொட்டியில் தொங்கவிட்ட தகடு போல மெல்லக் கரையும். சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்வரும் ஒயரைவிட, எந்நேரமும் உயிரோடிருக்கும் ஒயர் முதலில் பச்சையாவது இதனால்தான். தொலைபேசிக்காரர்கள் இதை வெகு முன்பே புரிந்துகொண்டார்கள். எக்ஸ்சேஞ்சு பேட்டரியின் நேர்முனையைத் தரையில் இணைத்து, ஒயரில் −48 வோல்ட் வைத்தார்கள். ஒயர் எதிர்முனையாக இருப்பதால் மண்ணுக்குள் கிடந்தாலும் செம்பு கரைவது மட்டுப்படும். கார் உலகம் நேர்மாறாக, எதிர்முனையைப் பாடியில் கட்டும் வழக்கத்தில் வந்து நின்றுவிட்டது.

சரி, இணைப்பு பாதி கெட்டால் என்ன ஆகும்? முழுக்கக் கெட்டால் விளக்கு எரியாது, நமக்குத் தெரிந்துவிடும். பாதி கெடுவதுதான் வம்பு. ஹெட்லைட்டின் 55 வாட் பல்புக்குப் போகும் வழியில் அரை ஓம் தடை சேர்ந்தது என்று வைப்போம். ஏறத்தாழ இரண்டு வோல்ட் அங்கேயே போய்விடும். இழை விளக்கின் வெளிச்சம் வோல்ட்டேஜின் மூன்றரை அடுக்குப் பெருக்கத்தை ஒட்டி மாறுவதால், வோல்ட்டேஜ் ஆறில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். காணாமல்போன சக்தி ஏழு வாட்டுக்கு மேல். அது சுண்டுவிரல் நகமளவு பிளாஸ்டிக் கனெக்டருக்குள் வெப்பமாக உட்கார்ந்திருக்கிறது. யு.எஸ்.பி.யில் செருகும் குட்டி சால்டரிங் அயர்ன்கள் எட்டு வாட்டில் வருகின்றன என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய கார்களில் ஹெட்லைட் சாக்கெட் பழுப்பாகி உருகியிருப்பதன் ரகசியம் இதுவே. மக்களோ பல்பு மங்கிவிட்டது என்று 100 வாட் பல்பு வாங்கிப் போடுகிறார்கள். புண்ணில் மிளகாய்ப்பொடி.

ஸ்டார்ட்டரில் நிலைமை இன்னும் மோசம். அங்கே ஓடுவது 150 ஆம்பியர் என்றால், நூறில் ஒரு பங்கு ஓம் தடையே ஒன்றரை வோல்ட்டைத் தின்னும். பேட்டரி செத்துவிட்டது என்று தீர்ப்பெழுதப்பட்ட பல பேட்டரிகள் நிரபராதிகள். முனையை அவிழ்த்து, வெந்நீர் ஊற்றி, ஆப்ப சோடாக் கரைசலால் கழுவி, துடைத்து இறுக்கினால் மறுநாளே வண்டி கிளம்பும். சோடா நுரைப்பது அமிலம் செத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம்.

கோளாறு எந்த இணைப்பில் என்று கண்டுபிடிக்க மல்டிமீட்டரை ஓமில் வைக்காதீர்கள். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். பத்தொன்பது இழை ஒயரில் பதினெட்டு அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும், மீட்டர் அனுப்பும் துளி மின்சாரம் அதில் தாராளமாகப் போய்வரும். "நல்ல இணைப்பு" என்று காட்டும். மீட்டரை வோல்ட்டில் வையுங்கள். விளக்கைப் போட்டு, பாரம் ஏறியிருக்கும்போது, பல்பு ஹோல்டரின் எர்த்துக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் நடுவே அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றே என்றால் பூஜ்யம் காட்டவேண்டும். 0.1 வோல்ட்வரை மெக்கானிக்குகள் மன்னிப்பார்கள். என் வண்டியில் பத்து வோல்ட்டைத் தாண்டியது.

அந்த 0.1 என்பது அனுபவத்தில் வந்த எண். ஆனால் ஹோல்மின் கணக்கோடு அது விநோதமாக ஒத்துப்போகிறது. சுத்தமான தொடுபுள்ளி எவ்வளவு சூடாகும் என்பதை, ஓடும் ஆம்பியரைக் கேட்காமலே, அதன் குறுக்கே விழும் வோல்ட்டேஜை மட்டும் வைத்துச் சொல்லிவிடலாம். செம்பில் 0.12 வோல்ட் விழுந்தால் புள்ளி இளகும், 0.43இல் உருகும். வெள்ளீயத்துக்கு 0.07, 0.13. இளகிய புள்ளி அழுந்திப் பரந்து தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். களிம்பு நடுவில் இருந்தால் அந்தப் பரிகாரம் நடக்காது.

வெள்ளீயம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். கனெக்டருக்குள் வெள்ளையாக மின்னும் டெர்மினல்களெல்லாம் பித்தளைமேல் வெள்ளீயம் பூசியவை. துருத்தியும் நவச்சாரமும் எடுத்துக்கொண்டு "ஈயம் பூசறது" என்று தெருவில் கூவி வந்தவர் நம் பித்தளை அண்டாவுக்குச் செய்த அதே வேலை. அண்டாவில் களிம்பு புளியோதரைக்குள் இறங்காமல் இருக்க; இங்கே தொடுபுள்ளிக்குள் இறங்காமல் இருக்க. வெள்ளீயத்தின் மேலும் ஆக்ஸைடு உண்டு. ஆனால் அது மெல்லிய கண்ணாடித் தோல், அடியில் இருப்பதோ வெண்ணெய். செருகும்போதே தோல் நொறுங்கிப் புது உலோகம் வெளியே வரும். இதனால்தான் சுத்தம் செய்கிறேன் என்று உப்புத்தாள் போடக் கூடாது. பூச்சு போய்ப் பித்தளை தெரிந்தால், அன்றைக்குப் பளபளக்கும். ஆறு மாதத்தில் முன்னைவிடக் கறுக்கும். அம்மா குத்துவிளக்குக்குப் போட்ட புளியும் கூடாது. டார்ட்டாரிக் அமிலம் களிம்பைக் கரைப்பது உண்மை, ஆனால் விளக்கைக் கழுவுவது போல ஒயரின் உள்ளே கழுவ முடியாது.

பாய் செய்ததைச் சொல்கிறேன். முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றினார். நேர்முனையில் ஸ்பேனர் வைத்து அது தவறிப் பாடியில் பட்டால் வெல்டிங்தான். எதிர்முனையை எடுத்துவிட்டால் அந்தப் பயமில்லை. அடுத்து ஒயரின் தோலை ஓர் அங்குலம் உரித்தார். உள்ளே செம்பு கறுப்பாக இருந்தது. இன்னும் ஓர் அங்குலம். இன்னமும் கறுப்பு. தந்துகிக் கவர்ச்சியால் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, இழைகளுக்கிடையே உப்புநீர் ஏறியிருக்கிறது. நாலாவது அங்குலத்தில்தான் புதுக் காசு மாதிரி செம்பு தெரிந்தது. அங்கே வெட்டினார்.

இத்தனை கறாராக வெட்டவேண்டுமா? வேண்டும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இலேயே ஒரு வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். அங்கே செப்புத் திருமேனிகளுக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் அஞ்சுவதும் இதே பச்சையைத்தான். செம்பில் குளோரைடு ஒருமுறை குடியேறினால், ஈரமும் காற்றும் சேர்ந்து அதைப் பச்சைப் பொடியாக்கும்போது அமிலம் பிறக்கும். அந்த அமிலம் புதுச் செம்பைத் தின்று மறுபடி குளோரைடாகும். சோழர்காலச் சிலையானாலும் கார் ஒயரானாலும் சுழல் ஒன்றுதான். பச்சையின் மேல் டேப் சுற்றுவது நோயைப் போர்வைக்குள் தூங்கவைப்பது.

பிறகு எங்களுக்குள் ஒரு சண்டை. புது வளையத்தை நசுக்கிப் பிடிக்கும் கிரிம்பிங் போதும் என்பது என் கட்சி. சரியாக நசுக்கினால் இழைகள் ஒன்றோடொன்று அழுந்தி, காற்று நுழைய இடமில்லாமல் போகும். சால்டர் வைத்தால் ஈயம் ஒயருக்குள் ஏறி, அது நிற்கும் இடத்தில் ஒயர் விறைத்து, அதிர்வில் அங்கேயே ஒடியும். "முப்பது வருஷமா சால்டர்தான் வைக்கிறேன், எவனும் திரும்பி வந்ததில்ல" என்றார் பாய். நல்ல கிரிம்பிங் கருவி அவரிடம் இல்லை. கட்டிங் பிளேயரில் நசுக்கியதைவிட அவர் சால்டர் நிச்சயம் மேல். கடைசியில் நசுக்கிவிட்டு, நுனியில் மட்டும் துளி சால்டர் வைத்து, மேலே சுருங்கும் குழாய் போட்டுச் சூடு காட்டினார்.

பாடியில் பெயிண்டைச் சுரண்டி, ரூபாய் நாணயமளவு வெள்ளி இரும்பைத் திறந்து, பல் வைத்த வாஷரோடு இறுக்கினார். இறுக்கிய பின்தான் கிரீஸ். மற்ற கனெக்டர்களில் பெண் டெர்மினலின் உதடுகளை நுனி பிளேயரால் ஒரு நூல் நெருக்கினார். செருகும்போது கை உணரும் அந்தப் பிடிப்பு இல்லாவிட்டால், இன்ஜின் அதிர்வில் சில மைக்ரோமீட்டர் உராய்ந்து உராய்ந்தே வெள்ளீயம் கறுப்புத் தூளாகிவிடும். அங்கேயும் மெல்லிய சிலிக்கோன் கிரீஸ். அது காப்பானாயிற்றே, இணைப்பைத் தடுக்காதா என்றேன். பாய்க்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. பலாப்பழத்தை நினைத்தால் விடை வரும். முள் நுனிகள் அழுந்தும் இடத்தில் கிரீஸ் பிதுங்கி விலகும். நுனிகளுக்கு இடையேயுள்ள பள்ளமெல்லாம் அடைபட்டு, உப்புநீர் நுழைய வழியிருக்காது. டபிள்யூ.டி.-40 இந்த வேலைக்கு ஆகாது. 1953இல் சான் டியாகோவில் நீரை விரட்டுவதற்கென்றே உருவான சாமான் அது. விரட்டும், பல வருஷம் காவல் நிற்காது.

மீட்டரை வைத்தோம். 0.03 வோல்ட். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் மறுபடி அளந்தேன்: 0.04. இடது பக்கத்தையும் சும்மா இருக்கட்டுமே என்று பார்த்தேன். 0.6.